நீரிஸ் வாத்தியாரைத் தேடி

ஜூலை 19, சனி. கிரீன்பெல்ட், மேரிலாந்து

மகன் வீட்டுக்கு வந்து இன்றோடு 17 நாள். காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பேரனோடு பூங்கா. ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியாருக்கு அமெரிக்காவில் வேறென்ன வேலை?

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கருப்பினத்தவர், எண்பதைத் தொடும் வயது. எந்த வெயிலிலும் ஊதா நிறச் சட்டைதான். மார்பில் தங்க நிறத்தில் மூன்று கிரேக்க எழுத்துகள். இன்று காலை அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றியபோது மேல்கையில் ஒரு தழும்பைப் பார்த்தேன். குதிரை லாடம் போல இருந்தது. சூட்டுக்கோலால் போட்ட ஒமேகா எழுத்து.

எங்கள் பக்கம் வைணவர்கள் தோளில் சங்கு சக்கர முத்திரை வாங்கிக்கொள்வார்கள். என் பெரியப்பாவுக்கு இருந்தது. "இவர் எந்த மடத்துல முத்திரை வாங்கினார்?" என்று மகனிடம் கேட்டேன். "மடம் இல்லப்பா, ஃபிரடெர்னிட்டி" என்று சிரித்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது ஒரு தனி உலகம். பாதி விடுதி, பாதி சங்கம், பாதி மடம். கணக்கு இடிக்கிறது, ஆனால் அப்படித்தான் இருக்கிறது. கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி நிறம், தனி ரகசியச் சடங்கு. பட்டம் வாங்கினால் கல்லூரியோடு உறவு முடியலாம், சங்கத்தோடு முடியாது. சாகும்வரை 'பிரதர்'தான். ஒவ்வொரு கிளைக்கும் அட்வைசர் என்று ஒருவர் இருப்பார். பேராசிரியராக இருக்கலாம், பழைய உறுப்பினராக இருக்கலாம். பையன்களுக்குப் பணக் கணக்கு பார்த்துச் சொல்வது முதல், நள்ளிரவில் காவல் நிலையத்திலிருந்து வரும் தொலைபேசியை எடுப்பது வரை அவர் வேலை. நம் பெரியவரும் இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஒரு கிளைக்கு அட்வைசராக இருந்தவராம்.

சாயங்காலம் அவரே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் சங்கத்தைத் தொடங்கி வைத்தவரும் விலங்கியல் வாத்தியார்தான். எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். கேள்விப்பட்டிருப்பீர்களே?"

கேள்விப்பட்டதில்லை. வெட்கத்தோடு சொன்னேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "கடல் புழுக்களின் முட்டையை ஆராய்ந்தவர். நீரிஸ் என்று ஏதோ ஒன்று."

நீரிஸ்! 31 வருடம் கல்லூரியில் நான் எடுத்த பாடம். வளைதசைப் புழுக்களுக்கு மாதிரியாக நாங்கள் எடுத்துப் படிக்கும் 'டைப் ஸ்டடி'யே அதுதான். எத்தனை பையன்களுக்கு அதன் பக்கக் காலான பாராபோடியத்தைக் கண்ணாடித் தகட்டில் மவுண்ட் பண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், முட்டையிடும் காலத்தில் அது எடுக்கும் ஹெட்டிரோநீரிஸ் உருவம் பற்றி எத்தனை ஐந்து மார்க் கேள்வி போட்டிருக்கிறேன். அந்தப் புழு கூட்டமாக மேலே வந்து முட்டையிடுவதை நிலாக் கணக்கோடு எழுதி வைத்தவர்களில் ஒருவர் இவர் என்று ராத்திரி படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பாடப் புத்தகத்தில் புழு இருந்தது, வாத்தியார் இல்லை.

மகனிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரம் நயாகரா வேண்டாம். இவரைத் தேடிப் போகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு. வாஷிங்டன்

பெரியவர் சர்ச்சுக்குப் போய்வந்து எங்களோடு கிளம்பினார். கிரீன்பெல்ட்டிலிருந்து பச்சைத் தடத்தில் மெட்ரோ. ஷா–ஹோவர்டு நிலையத்தில் இறங்கி ஜார்ஜியா அவென்யூவில் மேடேறி நடக்க வேண்டும். எண்பது வயதுக்காரர் முன்னால் போகிறார், அறுபத்தைந்து வயதுக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகிறேன்.

ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867-இல் தொடங்கியது. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம். அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கட்டியது. நடுவில் பெரிய புல்வெளி, அதை 'யார்டு' என்கிறார்கள். ஒரு பக்கம் மணிக்கூண்டு வைத்த நூலகம். மரத்தடிகளில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓரிடம், அவரவர் நிறத்தில். கருப்பின மாணவர்களின் கிரேக்க எழுத்துச் சங்கங்கள் மொத்தம் ஒன்பது. அதில் ஐந்து இந்த வளாகத்தில் பிறந்தவை. நம்மவர்களுக்கு ஒரு செய்தி: மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்து வழிவந்த கமலா ஹாரிஸ் இங்கேதான் படித்தார். 1908-இல் இங்கே தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்ததும் இங்கேதான். அது பெண்கள் சங்கம். பெரியவர் அந்தப் பக்கம் அதிகம் நிற்கவில்லை. அவருக்கு ஊதா நிறம்தான் கண்ணுக்குத் தெரியும்.

அவர் எங்களை அழைத்துப்போனது தர்க்கீல்டு ஹால் என்ற கட்டடத்துக்கு. 1910-இல் அறிவியல் கட்டடமாகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெளியே நின்றுதான் பார்த்தோம். செங்கல் சுவர், உயரமான ஜன்னல்கள். "இங்கேதான்" என்றார், கையைச் சுவரில் வைத்துக்கொண்டு.

1911 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை சாயங்காலம். எட்கர் லவ், ஆஸ்கார் கூப்பர், ஃபிராங்க் கோல்மன் என்று மூன்று மாணவர்கள். அவர்களோடு ஜஸ்ட். வாத்தியாருக்கு அப்போது வயது 28. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்து, நான்கு வயதில் அப்பாவை இழந்து, வடக்கே போய்ப் படித்து, 1907-இல் டார்ட்மத் கல்லூரியில் உயர் சிறப்போடு பட்டம் வாங்கியவர். டாக்டர் பட்டம் இன்னும் வாங்கவில்லை. ஹோவர்டில் முதலில் ஆங்கிலம் எடுத்தார், அப்புறம்தான் விலங்கியலுக்கு மாற்றினார்கள். இடையில் மாணவர்களைச் சேர்த்து நாடகக் குழு வேறு ஆரம்பித்துவைத்தார். பையன்கள் அவர் அறையைத் தேடிப் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எல்லாக் கல்லூரியிலும் அப்படி ஒரு அறை இருக்கும், பையன்களுக்கு அது எது என்று தெரியும்.

அந்த அறையில் நாலு பேராக உட்கார்ந்து ஒமேகா சை ஃபை என்று பெயர் வைத்தார்கள். நட்பு ஆன்மாவுக்கு இன்றியமையாதது என்று பொருள் வரும் கிரேக்க வாசகத்தின் முதல் எழுத்துகள் அவை. ஆண்மை, கல்வி, விடாமுயற்சி, பிறரைக் கைதூக்கிவிடுதல் என்று நான்கு கொள்கை. கருப்பின மாணவர் சங்கம் அதற்கு முன்பும் உண்டு. 1906-இல் கார்னெல்லில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவுக்கு ஹோவர்டிலேயே கிளை இருந்தது. ஆனால் கருப்பினப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே முளைத்த முதல் ஆண்கள் சங்கம் இதுதான்.

நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. நாடு முழுக்கக் கிளை பரப்பப் போகிறோம் என்று பையன்கள் சொன்னதுதான் இடித்தது. வளாகத்துக்குள் மட்டும் என்றால் சரி என்றார்கள். பையன்கள் கேட்கவில்லை. சங்கம் பிறந்துவிட்டது என்று அட்டையில் எழுதி மரத்தில் எல்லாம் ஒட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே எழுந்து, அப்படி ஒரு சங்கம் ஹோவர்டில் இல்லவே இல்லை என்று அறிவித்தார். பெரியவர் இதைச் சொல்லும்போது நேற்று நடந்தது போல முழங்காலைத் தட்டிச் சிரித்தார். கடைசியில் இறங்கி வந்தது நிர்வாகம்தான். 1914 அக்டோபர் 28-இல் சட்டப்படி பதிவானது. அதே வருடம் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தலைவர் ஜஸ்ட் இல்லை. மாணவர் லவ். அடுத்து கூப்பர். வாத்தியார் தலைவர் நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. அறையைக் கொடுத்தார், பெயரைக் கொடுத்தார், நிர்வாகத்தின் முறைப்பில் பங்கு வாங்கிக்கொண்டார். நம்மூரில் மன்றம் தொடங்கினால் புரவலர் படம் மாணவன் படத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்கக் கூடாததைக் கேட்டேன். இந்தச் சங்கங்களில் புதிதாகச் சேரும் பையன்களை அடித்து, குடிக்க வைத்துக் கொல்லுகிறார்களே, செய்தியில் வருகிறதே? பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "உண்மைதான். எங்களிடமும் நடந்திருக்கிறது." 1990-இல் கருப்பின சங்கங்கள் எல்லாம் சேர்ந்து புதியவர்களைச் சோதித்துச் சேர்க்கும் பழைய 'பிளெட்ஜிங்' முறையையே நிறுத்தின, ஆனாலும் மறைவாக நடப்பது நிற்கவில்லை என்றார். "அட்வைசர் வேலையே பாதி அதுதான். பையன்கள் கதவை மூடிக்கொண்டால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்."

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. 1996-இல் தமிழ்நாட்டையே உலுக்கிய அந்த ராகிங் கொலை, அடுத்த வருடம் வந்த ராகிங் தடைச் சட்டம். அந்த 1997-இல்தான் மூன்று பையன்கள் என் அறைக்கும் வந்தார்கள்.

மூவரும் கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள். வீட்டில் முதல் பட்டதாரிகள். தங்களைப் போல வரும் ஜூனியர்களுக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை ஆய்வகத்தில் உட்கார்ந்து ஆங்கிலமும் பாடமும் சொல்லித்தர ஒரு மன்றம் வேண்டும் என்றார்கள். ஸ்டாஃப் அட்வைசர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அந்த வருடம் நிர்வாகங்கள் எல்லாம் பயந்துபோயிருந்தன. நாலு மாணவன் சேர்ந்து டீ குடித்தால்கூட ஏன் என்று கேட்பார்கள். ஆறு மணிக்கு மேல் ஆய்வகமா, சீனியர் ஜூனியரா, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்று யோசித்தேன். "அடுத்த டெர்ம் பார்க்கலாம்பா" என்றேன். அந்த அடுத்த டெர்ம் வரவே இல்லை.

மகனுக்கு இதைச் சொன்னதில்லை. இன்று மெட்ரோவில் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை.

ஜூலை 21, திங்கள். சூட்லாண்ட்

அதே பச்சைத் தடம், ஆனால் நகரத்தைத் தாண்டி இன்னொரு கோடி. மகனுக்கு அலுவலகம். பெரியவர் தன் காரிலேயே கூட்டிப்போனார், எனவே தடம் எல்லாம் வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

லிங்கன் நினைவு இடுகாடு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜஸ்ட் இங்கே அடக்கமாகியிருக்கிறார். அதே மண்ணில் இன்னும் இரண்டு பேர். கார்ட்டர் உட்சன் ஒருவர். 1926-இல் கருப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியவர், பின்னாளில் மாதமாக வளர்ந்தது அதுதான். ரத்த வங்கிக்கு வழி கண்ட சார்ல்ஸ் ட்ரூ இன்னொருவர். இரண்டு பேரும் ஒமேகாக்கள். பெரியவர் மூன்று கல்லுக்கும் போய் நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டார். பிரார்த்தனை இல்லை, பேச்சு இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வருவது போல.

ஜஸ்ட்டின் கடைசிக் காலம் சுகமாக இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கருப்பர் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1929-இல் நேப்பிள்ஸ், 1930-இல் பெர்லின் கைசர் வில்ஹெல்ம் ஆய்வு நிறுவனம், அப்புறம் பிரான்ஸ் என்று ஐரோப்பாவிலேயே பெரும்பகுதி கழிந்தது. 1940-இல் ஜெர்மானியர் பிரான்சுக்குள் வந்தபோது சிறிது காலம் முகாமில் அடைபட்டார். விடுபட்டு வாஷிங்டன் வந்தார். 1941 அக்டோபர் 27, கணையப் புற்றுநோய். வயது 58.

பெரியவருக்குப் பிடிக்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ரோஜர் ஆர்லைனர் யங் என்று ஒரு பெண். ஜஸ்ட்டிடம் படித்தவர், அவரே கைபிடித்து வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்கு அழைத்துப்போன மாணவி. பிறகு இருவருக்கும் முறிந்தது. 1936-இல் யங்குக்கு ஹோவர்டில் வேலை போனது. அவர் வேறிடம் போய்ப் படித்து, விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கருப்பினப் பெண் ஆனார், 1940-இல். "சங்கத்துப் பையன்களுக்கு நல்லவராக இருந்தவர் இந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லையே" என்றேன். பெரியவர், "அவர் புனிதர் என்று நான் சொல்லவில்லையே, வாத்தியார் என்றுதானே சொன்னேன்" என்றார். வாதத்தில் தோற்றது நான்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அவரிடம் 1996-இல் வெளியான 32 சென்ட் அஞ்சல்தலை இருக்கிறது. ஜஸ்ட்டின் முகம். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஜூலை 23, புதன். சாலையில்

நேற்று எதுவும் இல்லை, துணி துவைத்தோம். இன்று காலை ஐந்துக்குக் கிளம்பி நானும் மகனும் வடக்கே. டெலவேர், நியூ ஜெர்சி, நியூ யார்க்கைச் சுற்றி, கனெடிகட், ரோட் ஐலண்ட். வழி முழுக்க நெரிசல். என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை நியூ யார்க்கைத் தாண்டுவதற்குள் தீர்ந்தது. ராத்திரி ஃபால்மத்தில் ஓர் அறை. கால் வீங்கிவிட்டது.

ஜூலை 24, வியாழன். வுட்ஸ் ஹோல், மாசசூசெட்ஸ்

இன்று ஆடி அமாவாசை.

திட்டம் போட்டு வந்ததுதான். மகன் தற்செயல் என்று நினைத்தான். நீரிஸ் புழு கோடையில் நிலவில்லாத இரவுகளில் மேலே வரும் என்று பையன்களுக்குச் சொல்லியே வந்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. பார்மலின் பாட்டிலில் பார்த்ததோடு சரி.

ஊரில் இருந்தால் காலையில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய் அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவேன். மனைவி பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலத்தில் கறுப்பு எள் வைத்திருந்தாள். விடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் ஜூலையிலும் ஐஸ். முழங்கால் அளவில் நின்று இறைத்தேன். காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு. வாத்தியார், நண்பர், யாருமற்றவர் என்று நாம் விரும்பி நினைக்கலாம். எனக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவருக்கு ஒரு கை. அப்புறம் ஜஸ்ட்டுக்கு ஒரு கை. "கிறிஸ்தவருக்கு எள்ளுத் தண்ணியாப்பா?" என்றான் மகன். கடல் தண்ணியில் எள் கலந்தால் என்ன குறைந்துவிடும் என்றேன்.

வுட்ஸ் ஹோல் கையகல ஊர். ஒரு தெரு, அதன் பெயரே வாட்டர் ஸ்ட்ரீட். நடுவில் படகுக்காகத் தூக்கித் திறக்கும் பாலம், அதற்கு உள்ளே ஈல் பாண்டு என்ற கடல் குளம். தெரு முழுக்க ஆராய்ச்சிக் கட்டடங்கள். 1888-இல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகம்தான் மூத்தது. ஜஸ்ட் 1909 முதல் சுமார் இருபது கோடைகள் இங்கே வந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்து ஃபிராங்க் லில்லிதான் அவருக்கு வழிகாட்டி. 1913-இல் இருவரும் சேர்ந்து நீரிஸ் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். எந்த நாளில் அதிகம் வருகிறது, எப்போது குறைகிறது என்று நிலாவோடு சேர்த்துக் கணக்கு. இரவெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று வலையால் அள்ளினால்தான் இப்படிக் கணக்கு வரும்.

1912-இல் அவர் தனியாக எழுதிய முதல் கட்டுரை இன்னும் அழகு. விந்து முட்டைக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீரிஸ் முட்டை கருவுற்றதும் தன்னைச் சுற்றி ஜெல்லி விடும். தண்ணீரில் இந்தியன் இங்க் கலந்துவிட்டால் கரிய பின்னணியில் ஜெல்லி வெளேரென்று தெரியும். விந்து நுழைந்த இடத்தில் மட்டும் இங்க் தடம் இருக்கும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். முட்டை இரண்டாகப் பிளந்தபோது கோடு அந்தத் தடத்தின் வழியே போனது. பிளவு எங்கே விழும் என்பதை உள்ளே வந்தவன் தீர்மானிக்கிறான்! ஒரு சொட்டு மையும் பொறுமையும் போதும், விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இதை என் ஆய்வகத்திலேயே செய்திருக்கலாம். கைநிறையப் புழு கிடைக்கும் கடற்கரை எனக்கு அரைமணித் தூரத்தில் இருந்தது.

முட்டையை எப்படிக் கையாள வேண்டும், கண்ணாடிப் பாத்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்பதில் அவர் பெரும் பிடிவாதக்காரர். முட்டை கெட்டிருந்தால் முடிவும் கெட்டதுதான் என்பார். இங்கே வரும் மற்ற ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் என்றால் அவரிடம் வருவார்கள். ஊதாச் சட்டைப் பையன்களுக்கு மட்டுமல்ல, வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கும் அவர் அட்வைசர்தான். 1915-இல், கருப்பினச் சாதனையாளர்களுக்கான ஸ்பிங்கார்ன் பதக்கம் முதன்முதலாக அவருக்கு வந்தது. மறுவருடம் சிகாகோவில் டாக்டர் பட்டம். கேட்டால் சொல்லித்தருகிறவர், ஆனால் சாப்பாட்டு மேசையில் கூட உட்கார வைக்கத் தயங்கும் நிறம்.

1930-இல் லில்லியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இங்கே கூட்டம் நடந்தது. ஜஸ்ட் எழுந்து, பெர்லினில் ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த சகோதரத்துவமும் உதவியும் வுட்ஸ் ஹோலில் இத்தனை வருடத்திலும் கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஃபிரடெர்னிட்டி என்ற அதே சொல்லைத்தான் அவர் எடுத்தார். பத்தொன்பது வருடம் முன்னால் தன் அறையில் மூன்று பையன்களுக்குக் கிடைக்க வழி செய்த ஒன்றை, தனக்கு இங்கே கிடைக்கவில்லை என்கிறார். அதற்குப் பிறகு அவர் வுட்ஸ் ஹோலுக்கு வரவில்லை. பாலத்தின் மேல் நின்று மகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். படகு வந்து மணி அடித்துவிட்டார்கள், ஓடி இறங்கினோம்.

மத்தியானம் மகன் கிளாம் சௌடர் என்ற சிப்பி சூப் சாப்பிட்டான். நான் விரதம், உருளைக்கிழங்கு வறுவலும் தயிரும். தொலைபேசியில் மனைவி, "அமாவாசை அதுவுமா எதையாவது வாயில போட்டீங்களா?" என்று விசாரணை.

இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்கோடு ஈல் பாண்டு கரைக்குப் போனோம். நல்ல இருட்டு. முதலில் வந்தவை டீனோஃபோர்கள், ஜெல்லிமீன் போன்ற கடல் உயிர்கள். விளக்கை அணைத்துத் தண்ணீரைக் கலக்கினால் பச்சையாக மின்னி மறைகின்றன. மகன் முப்பத்தைந்து வயதை மறந்து கையைவிட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். பத்து மணி. ஒன்றும் இல்லை. குளிர ஆரம்பித்தது. "போகலாம்ப்பா, நூறு வருஷத்துல எல்லாம் மாறியிருக்கும்" என்றான். இன்னும் பத்து நிமிடம் என்றேன்.

பத்தேகாலுக்கு ஒன்று வந்தது. ஆள்காட்டி விரலில் பாதி நீளம். முன்பக்கம் வெளுப்பு, பின்பக்கம் ரத்தச் சிவப்பு. ஆண். விளக்கு வெளிச்சத்துக்குள் பைத்தியம் பிடித்தது போலச் சுற்றியது. பாட்டிலில் இத்தனை வருடம் பார்த்தது ஒரு பழுப்புக் கயிறு. இது வேறு. அப்புறம் இன்னொன்று. பெண் புழு எதுவும் வரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவிட்டு இருட்டுக்குள் போய்விட்டன. எல்லாம் ஒரு நிமிடம் இருக்கும். மகன் வீடியோ எடுத்துவிட்டான்.

அறைக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று பையன்களில் ஒருவன் பாதியில் படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனான். ஒருவன் எங்கே என்று தெரியாது. மூன்றாமவன் மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறான், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். வீடியோவை அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கீழே எதுவோ எழுத நினைத்து, 1997 என்று ஆரம்பித்து, அழித்துவிட்டேன்.

அங்கே காலை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"நீரிஸ் சார்! ஆண் புழு. எங்க ஹேட்சரில தாய் இறாலுக்கு இதுதான் சாப்பாடு. கிலோ கணக்குல வாங்குறோம். நீங்க எங்க இருக்கீங்க, சாப்டீங்களா?"